பகலில் பூட்டியிருந்த கொட்டகை

"நான் கம்பெனிய மூடிட்டேன்னு உங்காளு எழுதிக்கினு போயிட்டாராம் மேடம். எனக்கே தெரியாம எப்ப மூடினேன்?"

ஒரகடம் வட்டாரத்தின் வரி அலுவலராக நான் பொறுப்பேற்ற வாரம், செல்வி என் மேசைக்கு முன் நின்று இப்படித்தான் கேட்டார். சேரப்பணஞ்சேரியில், வீட்டுக்குப் பின்புறக் கொட்டகையில், வாகன ரப்பர் பாகங்களின் பிசிறு வெட்டித் தரும் சிறு யூனிட் அவருடையது. பெயரளவில் மட்டும் இருக்கும் போலி நிறுவனங்களைக் களைய வேண்டும் என்பது அரசின் கொள்கை, நல்ல கொள்கைதான். அதன்படி முன்னறிவிப்பின்றிப் பார்க்கச் சென்ற துணை அலுவலர் மோகன் பூட்டைத்தான் கண்டார். விளக்கம் கேட்ட நோட்டீஸ் செல்விக்குத் தெரியாமலே ஆடிட்டரின் மின்னஞ்சலில் கிடந்தது. ஜிஎஸ்டி பதிவு ரத்தானது. வெள்ளிக்கிழமைக்குள் அது திரும்பாவிட்டால், வேலை தரும் பெரிய கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

மோகனை அழைத்தேன். "ரெண்டு தடவை போனேன் மேடம். ஈ காக்கா இல்ல."

"எப்ப சார் வந்தீங்க?" என்றார் செல்வி.

"காலைலதான். ஆபீஸ் வந்ததும் கிளம்பிட்டேன்."

"அந்நேரம் நானே ஃபேக்டரி வேலைக்குப் போய் லைன்ல நின்னுகினு இருப்பேன். எங்க ஷெட்ல வேல செய்யற பொண்ணுங்களும் அங்கதான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. பஸ்ஸு எறக்கி வுட்டப்புறம்தான் ஷெட்டே தொறக்கும். ஆபீஸ் டைம்ல வந்தா பூட்டதான் சார் பாக்கணும்!"

பிற்பகலில் மறுபடி பார்க்க அனுமதி கேட்டு உதவி ஆணையரிடம் சென்றேன்.

"ஏம்மா, வந்த வாரமே ரூல மாத்தறீங்களா? பாலிசி போடறது மேல இருக்கறவங்க. நம்ம வேலை லிஸ்ட்ட முடிக்கறது."

"போலியப் பிடிக்கத்தான் சார் மேல சொல்லியிருக்காங்க. காலைல மட்டும் போகச் சொல்லல. அது நாமளா சேத்துக்கிட்டது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சரி, நீங்களே போய்ப் பாருங்க. தப்பானா உங்க தலைதான்."

அன்று பிற்பகலே மோகனுடன் போனேன். ஷிஃப்ட் பஸ் நின்றது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பெண்கள் கொட்டகைக்குள் நுழைந்து பிளேடுகளை எடுத்தார்கள். கறுப்புத் துணுக்குகள் மோகனின் ஷூவின் மேல் விழுந்தன.

"இப்பவாச்சும் கம்பெனி கண்ணுக்குத் தெரியுதா சார்?" என்றாள் ஒருத்தி.

மோகனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அறிக்கைய நானே மாத்தி எழுதறேன் மேடம்," என்றார்.

வியாழனன்று செல்வியின் பதிவு திரும்பியது. அதன்பின் எந்தப் பதிவையும் ரத்து செய்வதற்கு முன் காலையில் ஒரு முறை, ஷிஃப்ட் முடிந்தபின் ஒரு முறை, இரண்டு முறையும் சொல்லாமல் போவதை எங்கள் அலுவலக வழக்கமாக்கினேன். இரு வேளையும் பூட்டியிருந்த போலிகளைத் தயங்காமல் நீக்கினோம்.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கொள்கையை எழுதுபவர்கள் சேரப்பணஞ்சேரிக்கு வரப்போவதில்லை. நாம் எந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்டுகிறோமோ, அங்கிருப்பவர்களுக்கு அதுதான் அரசின் கொள்கை.