சாயங்காலம் பாட்டிலைத் தூக்கிப் பார்

பனியன் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் காலையில் எல்லாரையும் வாசலில் வரிசையாக நிற்கச் சொல்லி, "ஃபால்-இன்!" என்று ஒரு கத்து கத்தினேன். டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கும் கையுமாக என்னையே பார்த்தார்கள். முன்னால் நின்ற மரகதம், "ஏனுங்க சார், யாராச்சும் மினிஸ்டர் வர்றாங்களா?" என்று கேட்டாள். மொத்தக் கூட்டமும் கொல்லென்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டது.

சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். என் தொண்டைக்கு ஒரு பிளாட்டூனே விறைத்து நின்றிருக்கிறது. இங்கே ஒரு சூப்பர்வைசர் பெண் ஒரே கேள்வியில் என் மானத்தை வாங்கிவிட்டாள். சுள்ளென்று கோபம் வந்தது. அன்று மத்தியானம் வீட்டில் சொன்னபோது என் சம்சாரமும் விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தோடு ஃபால்-இன்னை விட்டுவிட்டேன்.

புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்கள் இப்போது என்னிடம் வந்து, "மிலிட்டரி சார், ஆளுகளை எப்படிங்க மேய்க்கிறது?" என்று கேட்கிறார்கள். மேய்ப்பதற்கு அவர்கள் என்ன ஆடா, மாடா? அப்படிக் கேட்பவரிடம் நான் மரகதத்தின் லைனில், அதாவது அவள் பொறுப்பிலிருந்த தையல் மெஷின் வரிசையில், நடந்ததைத்தான் சொல்வது.

மத்தியானத்துக்கு மேல் படுத்துவிடும் லைன்

முதலாளி காங்கேயத்துப் பக்கத்துக்காரர். என்னை ஃப்ளோர் இன்சார்ஜாக எடுத்ததே, மிலிட்டரிக்காரன் நின்றால் லேபர் பயப்படும் என்ற கணக்கில்தான். புரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கரும் அதையேதான் எதிர்பார்த்தார்.

மரகதம் டெய்லருக்குத் துணியைக் கைமடித்துக் கொடுக்கும் வேலையில் ஆரம்பித்து, டெய்லராகி, அப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தாள். அவள் லைனில் காலையில் பனியன் பீஸ் மளமளவென்று தைத்து விழும். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் போனால் எல்லாம் மந்தமாகிவிடும். தையல் கோணும், பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்டரேஷன் குவியும், யாராவது ஒருத்தி தலைவலி என்று மெஷின் மேலேயே சாய்ந்துவிடுவாள். அது வெயில் காலம் வேறு. மேலே தகரக் கூரை.

ஒரு திங்கட்கிழமை பாஸ்கர் லைன் நடுவிலேயே வைத்துச் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள பீஸ் கணக்கு ஏறலீன்னா நீங்க திரும்ப மெஷின்ல உக்காந்துக்கோங்க மரகதம். வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு என்னிடம் வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"ஊடு முச்சூடும் சூப்பர்வைசர்னு சொல்லிக்கிட்டுத் திரியறாங்க சார். என்ற மாமியா கோயில்ல அர்ச்சனையே பண்ணிப்போட்டாங்க. இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மெஷின்ல போய் உக்காருவனுங்க? நீங்க ஒருக்கா வந்து சத்தம் போடுங்க சார். உங்களுக்காச்சும் பயப்படுவாங்க."

பாவமாக இருந்தது. ஆனால் சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்பதை முதல் நாளே பார்த்தாயிற்றே!

பாலைவனத்தில் ஒரு பழக்கம்

ராஜஸ்தான் பாலைவனத்தில் எங்கள் பிளாட்டூனுக்கு ஒரு பழக்கம் உண்டு. நீண்ட மார்ச் முடிந்து வந்ததும் துப்பாக்கியைப் பார்ப்போம், பூட்ஸைக் கழற்றிக் காலைப் பார்ப்போம், கடைசியில் ஒவ்வொருவன் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக் குலுக்கிப் பார்ப்போம். பாட்டில் காலியாக இருந்தால் சபாஷ். நிறைய இருந்தால் அவனுக்குத் திட்டு விழும். ஏனென்றால் பாலைவனத்தில் முதலில் சுருண்டு விழுகிறவன், தண்ணீரை மிச்சம் பிடித்தவன்தான். எங்கள் வாலிபால் டீமில் காளை மாதிரி ஒரு பையன் இருந்தான். குடிக்காமலே நடந்து காட்டுகிறேன் என்று வீம்பு பிடித்தான். முகாம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பொத்தென்று விழுந்தான். அவனைத் தூக்கி வந்து ட்ரிப்ஸ் ஏற்றும்போது பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். கழுத்து வரை தண்ணீர் இருந்தது.

அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் பெல் அடிக்கும் முன் மரகதத்தின் லைனில் சும்மா நடந்தேன். ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒன்றைத் தூக்கினேன். கனத்தது. அடுத்ததும் கனத்தது. ஆண்களுடையது பாதியாவது இறங்கியிருந்தது. பெண்களுடையதில் மூடியே திறக்கவில்லை. அட கடவுளே, இந்த அனலில்!

"ஏம்மா, தண்ணி குடிக்கறதில்லியா?" என்று கேட்டால் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த சுனிதா ஒடிசாக்காரி. அவளிடம் ராணுவ ஹிந்தியில் கேட்டேன். அவள் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"குடிச்சா பாத்ரூம் போகணும் சாப். டோக்கன் ஒண்ணுதானே இருக்கு?"

லைனுக்கு ஒரு டோக்கன். சிவப்புப் பெயின்ட் அடித்த மரக்கட்டை. சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஆணோ பெண்ணோ, அதை எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போக வேண்டும். அது திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள் போகலாம். எழுந்து போய், எல்லார் கண்ணெதிரிலும் அந்தக் கட்டையைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு பெண்கள் தண்ணீரையே நிறுத்திவிட்டார்கள். மரகதத்தின் பாட்டிலையும் தூக்கிப் பார்த்தேன். அதுவும் நிறைந்துதான் இருந்தது.

"இதை ஏம்மா சொல்லல?"

"இதைப் போய் எப்படிங்க சார் ஆம்பளைங்ககிட்டச் சொல்றது?" என்றாள்.

முதலாளிக்கும் ஒரு டோக்கன்

மறுநாள் முதலாளியிடம் டோக்கனை எடுத்துவிடலாம் என்றேன். பாஸ்கர் குறுக்கே விழுந்தார். "பாதிப் பேரு செல்போனை எடுத்துக்கிட்டு அங்கயே குடியிருப்பாங்க சார்."

முதலாளியும், "ஆமாங்க சுபேதார், அதுக்குத்தானுங்க போட்டதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பட்டாளத்தில் ஓர் உத்தரவு போட்டால் போட்டவனும் அதில் அடக்கம். சிப்பாய் சாப்பிடும் ரொட்டியை முதலில் வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் லங்கர் என்கிற பட்டாளச் சமையற்கூடத்தில் பரிமாறவே விடுவோம்.

"அப்படீங்களா? அப்போ ஆபீஸ் பாத்ரூமைப் பூட்டிச் சாவியை என்கிட்டக் குடுங்க. நாளைக்கு ஒரு நாள் நம்ம மூணு பேரும் மரகதம் லைன் டோக்கன்லயே போலாம்."

பாஸ்கருக்கு முகம் வெளிறிவிட்டது. முதலாளி சிரித்தார். "அட, நம்மளால முடியாததா? குடுத்துரு பாஸ்கரு."

முதலாளி மோர்ப் பிரியர். ஊத்துக்குளியிலிருந்து வரும் மோரைச் சொம்பு சொம்பாகக் குடிப்பார். மறுநாளும் வழக்கம்போலக் குடித்தார். முற்பகல் டீ டைமுக்கு முன்னாலேயே மரகதத்தின் மேஜைக்கு வேகவேகமாக வந்தார். ஆணியில் கட்டை இல்லை.

"கண்ணு, டோக்கன் எங்க?"

"இப்பத்தானுங்க ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. வந்துருவாருங்க." மரகதம் பதறி எழுந்து ஸ்டூலை நகர்த்தினாள். "உக்காருங்க சாமி."

"உக்கார முடியாது கண்ணு!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் நிமிரவில்லை, ஆனால் எல்லா முதுகுகளும் குலுங்கிக்கொண்டிருந்தன. முதலாளி மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். வாசலைப் பார்த்தார், என்னை முறைத்தார். நான் விறைப்பாக நின்றேன். உள்ளுக்குள் எனக்கும் சிரிப்புத் தாங்கவில்லை.

கட்டை ஒரு வழியாக வந்தது. பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் அதை ஆணியில் மாட்டவில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். லைனை ஒருமுறை பார்த்தார். குரல் இறங்கியிருந்தது.

"பாஸ்கரு, எல்லா லைன்லயும் இந்தக் கருமத்தைக் கழட்டிப்போடு. நம்மூட்டுப் பொம்பளைங்களா இருந்தா இப்படி நிக்க வெப்பமா?"

ஒரே நாளில் அதிசயம் நடந்துவிடவில்லை. இரண்டொரு ஆட்கள் செல்போனோடு உள்ளே உட்காரத்தான் செய்தார்கள். மரகதம் கதவைத் தட்டி, "ஏனுங்க, உள்ள ஊடு கட்டறீங்களா?" என்று கேட்டே அவர்களை விரட்டிவிட்டாள். வியாழனுக்கு மேல் யாரும் மெஷினில் சாயவில்லை. மத்தியான பீஸ் கணக்கு ஏறியது. சனிக்கிழமை பாஸ்கர் லைனைச் சுற்றி வந்து, "பரவாயில்லீங்க மரகதம், இப்படியே போங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பெல் அடிப்பதற்கு முன் மரகதம் தானாகவே ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பாட்டில்களைத் தூக்கிக் குலுக்கினாள். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. அவளே பார்த்துப் பிடித்துக்கொண்டது. லைனை முடித்துவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தாள். என் பாட்டிலை எடுத்தாள். காலையிலிருந்து அலைச்சலில் நான் அதைத் தொடவே இல்லை.

"ஏனுங்க சார், இது என்னங்க?"

இந்தச் சுபேதார் எழுந்து நின்றான். முழு லைனும் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தான். ஆட்களை நடத்துவது எப்படி என்று கேட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, அவர்களை இப்போது நான் மரகதத்திடம்தான் அனுப்புகிறேன்.