கழற்றிய ஸ்டியரிங்

தர்மபுரியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அப்துல் ஷுக்கூருக்கு ஒரு பழக்கம். எந்தக் காரின் பிரேக்கைப் பிரித்தாலும், வேலை முடியும்வரை அதன் ஸ்டியரிங்கைக் கழற்றித் தன்னோடு எடுத்துப் போய்விடுவார். சாவியை அவர் நம்பியதில்லை. "ஒயரை ஒட்டவெச்சா எந்தக் கழுதையும் ஸ்டார்ட் பண்ணும்" என்பார். ஊர் சிரித்தது. கல்யாணப் பந்தியில்கூட ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு பிரியாணி சாப்பிட்டவர் அவர்.

1984இல் மாம்பழக்கூழ் ஆலை முதலாளி சென்றாயன், இரண்டே பேர் உட்காரும் பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து விட்டார். ஷுக்கூர் அதற்குப் பெரிய இன்ஜின் பொருத்தினார். அந்த வேகத்தைப் பழைய பிரேக் தாங்காது என்று புது டிஸ்க் பிரேக்கும் போட ஆரம்பித்தார்.

"ஸ்டியரிங் அசிங்கமா இருக்குதுங்க பாய். பெங்களூர்ல மரத்துல ஒண்ணு சொல்லியிருக்கேன்" என்றார் சென்றாயன்.

"மொதல்ல வண்டி நிக்கட்டுங்க. அழகு அப்புறம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பிரேக் குழாயின் நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, ஷுக்கூர் ஸ்டியரிங்கோடு பள்ளிவாசலுக்குப் போனார். அந்த நிலையில் பிரேக் நாலைந்து மிதிக்குப் பிடிக்கும். அப்புறம் எண்ணெய் முழுக்க வெளியே போய்விடும்.

திரும்பி வந்தபோது ஷெட் காலியாக இருந்தது.

"மொதலாளி மர ஸ்டியரிங் ஒண்ணு கொண்டாந்து மாட்டிக்கிட்டாருங்க பாய்" என்றாள் எதிர் டீக்கடை ரங்கம்மாள். "தொப்பூர் மலை எறக்கம் வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்னு போனாரு."

சேலம் ரோட்டில் எண்ணெய்ச் சொட்டுகள் தெற்கே போயிருந்தன. பழைய ஸ்டியரிங் ஷுக்கூரின் கக்கத்திலேயே இருந்தது.