கோயில் ஸ்பீக்கரில் வேறொரு குரல்

பாட்டு வகுப்புக்கு வீட்டு முன்னறையை எடுத்துக்கொள்ளப்போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் தலை நிமிரவில்லை. மடியில் கிடந்த வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எஞ்சினை எங்க வைக்கிற?" என்று மட்டும் கேட்டார். அதுவரை அந்த அறையில் போட் எஞ்சினும் மிதப்புகளும் வலைமூட்டைகளும்தான் குடியிருந்தன. எஞ்சின் குசினிக்குப் பின்னால் போனது. நானே சுண்ணாம்பு அடித்தேன். சில பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு பழைய ஆர்மோனியம், ஒரு சுருதிப்பெட்டி. எத்தனை தரம் கழுவியும் பெற்றோல் மணமும் கருவாட்டு மணமும் போகவில்லை. பிள்ளைகள் அந்த மணத்துக்குள் இருந்துதான் ச ரி க ம படித்தார்கள்.

ஊரில் சிரித்தார்கள். "காகம் டியூசனுக்குப் போயா கத்துது, டீச்சர்?" என்று மீன் நிறுக்கிறவர் சந்தியில் வைத்துக் கேட்டார். "காகம் கத்துறதைக் கேட்டு ஆரும் கரைக்கு வாறதில்லையே" என்று நான் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்கு வாய் நீளம். அந்த வாய்க்கு என்ன வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

அவர் வாயை மூடியதற்குக் காரணம் இருந்தது. கற்பிட்டிக் கரையில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வேதக்காரர் ஊர்களில் விடியப்புறம் கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவது வழக்கம். எங்கள் கோயிலில் பாட்டுப் போடுகிற பெட்டி உப்புக்காற்றில் துருப்பிடித்துச் செத்துப்போன பிறகு, பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு நேரே மைக்கில் பாடச் சொன்னார். ஸ்பீக்கர் ஒன்று ஊரைப் பார்க்கும், மற்றது கடலைப் பார்க்கும். கரைக்கு முன்னால் முருகைக்கல் பார், பவளப்பாறைத் திட்டு, நீட்டுக்குக் கிடக்கிறது. கோயிலுக்கு நேரே மட்டும் அதில் ஒரு வாய் உண்டு. போட் அதற்குள்ளால்தான் வரவேண்டும். இருட்டிலும் பனிமூட்டத்திலும் எங்கள் ஆட்கள் எஞ்சினை நிறுத்திக் காது கொடுப்பார்கள், பாட்டை மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். ஆழ்கடல் போகிற பெரிய போட்டுகளில் வழி காட்டுகிற கருவி இருக்கும். சின்ன பைபர் போட்டில் போகிறவர்களுக்குக் காதுதான். போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போவார்கள், சுற்றினபடியே கொண்டுவருவார்கள்.

வடக்கே அடுத்த ஊர்க் கோயிலிலும் எங்களைப் பார்த்து ஒரு பெண் நேரே பாடத் தொடங்கியிருந்தாள். ஆகவே கடலில் இருக்கிறவருக்கு இரண்டு குரல். என் குரல் கேட்டால் வீடு. மற்றக் குரல் கேட்டால் வடக்கே இழுபட்டுவிட்டோம், தெற்கே திருப்பு. ஆனால் எங்கள் கோயிலைத் தாண்டித் தெற்கே போய்விட்டால் அங்கே பாரில் வாய் கிடையாது. அலை உடைகிற கல்தான். அங்கே போனவர்களுக்காகக் கோயில் மதிலோரம் சிலுவைகள் நட்டிருக்கிறது. விடிய மைக்குக்குப் போகும்போது அந்தச் சிலுவைகளை நான் பார்ப்பதில்லை.

வகுப்பு நன்றாகத்தான் போனது. சிலாபத்தில் ஒரு போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நடுவர் அம்மா எல்லாரையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைகள் கனபேர். தொண்டை ஒண்டுதான். டீச்சர்ட தொண்டை" என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த அம்மாவை மனதுக்குள் கிழித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் பாடியதைப் போனில் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. வரி முடிவில் நான் மூக்கால் இழுக்கிற மூச்சைக்கூட அவர்கள் இழுத்தார்கள்.

அதற்குப் பிறகு வேறு மாதிரித் தொடங்கினேன். புதிதாக வருகிற பிள்ளையிடம் பாடச் சொல்லமாட்டேன். வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "வீட்டில அம்மாவை எப்படிக் கூப்பிடுவாய்? அப்படிக் கூப்பிடு" என்பேன். வெட்கப்பட்டுச் சிரித்து, கடைசியில் பசி வந்தமாதிரி ஒரு கூப்பிடு வரும். அந்தக் கூப்பிடு எந்தச் சுருதியில் விழுகிறதோ அங்கிருந்துதான் பாட்டு. அது அந்தப் பிள்ளையின் சொந்த இடம். என் இடத்தில் கொண்டுவந்து அவர்களைக் குடியேற்றுவதை நிறுத்திக்கொண்டேன். டீச்சர் என்று என்னைக் கூப்பிடுவதற்கு அன்றைக்குத்தான் நான் தகுதியானேன் என்று பெருமையாக நினைத்தேன்.

அவர்களில் ஒருத்தி உயர்தரம் படிக்கிறவள். அவளுடைய அப்பா எங்கள் போட்டில் என் கணவரோடு போகிறவர். அம்மா குவைத்தில். அதனால் அவளுக்கு அம்மாவைக் கூப்பிட வரவில்லை, வாசலில் நின்று முழித்தாள். "அப்ப ஆரைக் கூப்பிடுவாய்?" என்று கேட்டேன். கரையில் நின்று அப்பாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவாளாம். கூப்பிட்டாள். கனமான, கொஞ்சம் கரடான, நேரே போகிற குரல். என்னுடையது மெல்லிசு. அவளைக் கேட்கிற யாரும் என்னை நினைக்கமாட்டார்கள். அவளுடைய அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "டீச்சர் மாதிரிப் பாடுவாள் எண்டுதானே விட்டன். இதென்ன, தேத்தண்ணிக்குக் கூப்பிடுற சத்தம்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

அந்த வருடக் கடைசியில் எனக்கு மேல் ஷட்ஜம் எட்டாமல் போனது. முதலில் ஒருநாள், பிறகு கிழமைக்கு ஒருநாள், பிறகு எல்லா நாளும். ஏறுகிற படியில் ஒன்றைக் காணவில்லை என்பதுபோல் குரல் அந்த இடத்தில் விழுந்துவிடும். என் கணவரின் தாய், மாமி, கண்ணூறு என்று முடிவு கட்டினார். ஸ்பீக்கரில் பாடுகிறவளுக்கு ஊர்க்கண் படாமல் வேறென்ன படும் என்று செத்தல்மிளகாயும் உப்பும் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தப் புகையில் இருமி இருமி இருந்த குரலும் போனது. மாமியோ, இருமினது நல்லது, கண்ணூறு கழிகிறது என்று சந்தோசப்பட்டார். கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். விடியப்புறப் பாட்டை ஒவ்வொரு நாளும் ஒரு சுரம் இறக்கிப் பாடினேன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தை யாருக்கும் சொல்லவில்லை. பாட்டு டீச்சருக்குக் குரல் இல்லை என்றால் வகுப்பில் என்ன மிச்சம்?

புத்தளத்தில் பார்த்து, கொழும்புக்கு அனுப்பினார்கள். குரல்நாணில் சின்னக் கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுக்கவேண்டும். டொக்டர் நிதானமாகக் கதைத்தார். "எடுத்த பிறகு நான் சொல்லும்வரைக்கும் ஒரு சொல்லும் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது. பிறகு வாற குரல் உங்கட பழைய குரலா இருக்கும் எண்டு நான் வாக்குத் தரமாட்டன்." என் கணவர் பஸ்ஸில், "வீடு கொஞ்சநாளைக்கு அமைதியா இருக்கும்" என்று பகிடி விட்டார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புத்தளம் வரும்வரை திரும்பவில்லை.

கட்டியை எடுத்தார்கள். விடியப்புறப் பாட்டுக்கு, அப்பாவைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்ட அந்தப் பெண்ணை நிறுத்தினேன். முதல்நாள் கரைக்கு வந்ததும் கணவர் போட்டிலிருந்து இறங்காமலே சொன்னார்: "கடல்ல கேக்கேக்க வேற ஊர் மாதிரிக் கிடக்கு."

நான் கையை நெஞ்சில் வைத்துக் காட்டினேன், நான் படிப்பித்த பிள்ளைதானே என்று.

"நீதான் படிப்பிச்ச. அது எனக்குத் தெரியுது, காதுக்குத் தெரியேல்ல. கரை தெரியிற நாளில பரவாயில்ல. மூட்டத்தில என்ன செய்ய?"

பேச முடிந்திருந்தால் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். கையை வீசிவிட்டு மீன் கூடையைத் தூக்கினேன். ஆனால் அந்தக் கேள்வி குசினிவரைக்கும் என் பின்னால் வந்தது.

தை மாதத்தில் ஒருநாள் காற்று அடங்கி விழுந்தது. எங்கள் பக்கத்தில் காற்று முழுக்க விழுந்தால் அடுத்த விடியல் மூட்டம் என்று நாய்க்கும் தெரியும். விடிய எழும்பினபோது முற்றத்து முருங்கை தெரியவில்லை. மற்றப் போட்டுகள் மூட்டம் இறங்குவதற்கு முன்பே வந்துவிட்டன. எங்களுடையது மட்டும் வரவில்லை, அன்றைக்குத் தூரத்தில் வலை போட்டிருந்தார்கள். நான் கரையில் நின்றேன். பின்னால் கோயிலில் அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவும் அந்தப் போட்டில்தான்.

எஞ்சின் சத்தம் கேட்டது. எத்தனையோ வருடம் என் முன்னறையில் கிடந்த எஞ்சின் அது. ஓடும்போது இடையிடையே இருமும். எனக்குத் தவறாது. சத்தம் நேரே வந்தது, கிட்ட வந்தது, நின்றது. காது கொடுக்கிறார்கள். பிறகு எஞ்சின் திரும்ப எடுத்தது. சத்தம் என் இடப்பக்கமாக நகர்ந்தது. தெற்கே.

எனக்கு உடனே விளங்கியது. இது வடக்கு ஊர்க் கோயில் என்று என் கணவர் நினைத்துவிட்டார். திருப்பிவிட்டார். பாரை நோக்கிப் போகிறார்கள். வாயைத் திறந்தேன். டொக்டராவது மண்ணாவது. காற்றுத்தான் வந்தது. கோயிலுக்கு ஓடினேன். அவள் கையிலிருந்து மைக்கைப் பறித்தேன். முழுப் பலத்தோடும் தம் பிடித்துப் பாடினேன். ஸ்பீக்கரில் பாம்பு சீறினதுபோல் ஒரு சத்தம் மட்டும் போனது.

அவள் என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள். நான் தெற்கே கையைக் காட்டினேன். அவளுக்கும் விளங்கிவிட்டது. மைக்கை அவள் கையில் திணித்து, வகுப்பில் செய்வதுபோல் முதுகில் என் உள்ளங்கையை வைத்து, கூப்பிடு என்று சைகை காட்டினேன். அவள் பாட்டுக்கு வாய் எடுத்தாள். இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். வாசலைக் காட்டினேன். கரையைக் காட்டினேன். தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கிறமாதிரிக் கையைப் பிடித்துக் காட்டினேன்.

"அப்பா..." என்று கூப்பிட்டாள். ஸ்பீக்கர் அதிர்ந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டாள். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் பாட்டுக்குள் இறங்கினாள்.

எஞ்சின் நின்றது. அவள் பாடப் பாட நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கல்லில் அலை உடைகிற சத்தம்தான் கேட்டது. பிறகு ஒரு இருமல். எஞ்சின் எடுத்தது. சத்தம் வடக்கே வந்தது, கோயிலுக்கு நேரே வந்தது, பெருத்தது.

போட்டின் பக்கப்பலகையில் கல் உரசின வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. அவளுடைய அப்பா இறங்கி மணலில் குந்திவிட்டார். "அண்ணன் இது நம்மட கோயில் இல்ல எண்டு திருப்பிப்போட்டார், டீச்சர். நானும் ஓம் எண்டுதான் நினைச்சன். கிட்டப் போய்த்தான் அலையைக் கண்டம், எஞ்சினை நிப்பாட்டினம். நிப்பாட்டினாப் பிறகு கேட்டுது. அண்ணன், இது என்ட பிள்ளை, தேத்தண்ணிக்குக் கூப்பிடுறாள் எண்டன்." சொல்லிவிட்டு அவர் அழுதார். வீட்டுக்கு வந்து, தட்டில் வைத்த பாணைத் தொடாமல் இருந்த என் கணவர், "உன்ட குரல் வந்தாச் சரி. எல்லாம் பழையபடி சரியாகும்" என்றார். யாரைத் தேற்றினார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு பின்னேர வகுப்புக்குக் கடல்காரர்களும் வரத் தொடங்கினார்கள். பாடுவதற்கில்லை, கேட்பதற்கு. வெளிச்சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்கள். உள்ளே ஒவ்வொரு பிள்ளையாகப் பாடும். இது இன்னாருடைய மகள், இது அவருடைய சின்னவன் என்று வெளியே இருந்து சொல்வார்கள். பிழையாகச் சொன்னால் திரும்பப் பாடச் சொல்வார்கள். மீன் நிறுக்கிறவரும் ஒருநாள் வந்து இருந்தார். நான் காகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

டொக்டர் முதலில் பேசவிட்டார். பேச்சு கொஞ்சம் கரகரப்போடு வந்தது. பாட்டுக்கு இன்னும் பொறுக்கச் சொன்னார். பொறுத்தேன். பாடலாம் என்று சொன்ன அன்றைக்குப் பின்னேரம் வகுப்பில் யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கணவர் வெளியே வழக்கமான இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பிள்ளைகள் பாடினார்கள், அவர் ஒருவரையும் பிழை விடாமல் சொன்னார். பிறகு நான் விடியப்புறப் பாட்டின் முதல் வரியைப் பாடினேன்.

குரல் வந்தது. சுருதி நின்றது. ஆனால் கீழே, எங்கோ ஒரு புது இடத்தில் இருந்து வந்தது.

வெளியே இருந்து அவர் கேட்டார்: "இது ஆர்? புதுப் பிள்ளையா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ஒரே பானையில் சோறு சாப்பிட்ட மனிசனுக்கு என்னைத் தெரியவில்லையா என்று. கோபம் இறங்க, பயம் வந்தது. அவரை ஒவ்வொரு விடியலும் கரைக்குக் கொண்டுவந்த குரல் இந்த உலகத்தில் இப்போது இல்லை.

எழும்பி வாசலுக்குப் போனேன். புதுப் பிள்ளைகளை நிறுத்துகிற இடத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு நாளும் சோற்றுக்குக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சாருங்க" என்று கூப்பிட்டேன்.

"என்ன?" என்று கண்ணைத் திறக்காமலே அவர் எழும்பப் போனார். அந்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நான் முதல் வரிக்குள் இறங்கினேன். அவர் பாதியில் நின்றுவிட்டார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் இருந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"இன்னொருக்காப் பாடு" என்றார். "விடியப் போகவேணும்."

காற்று விழுந்திருந்தது. நான் திரும்பவும் கூப்பிட்டுத் தொடங்கினேன்.