கம்பிக்குள் வளர்ந்த மாமரம்

பாலமுனையில் என் வீட்டு வளவும், எனக்கு மூத்தவளான ராத்தாவின் வளவும் ஒட்டியவை. இடையில் ஒரு தகர வேலி. அதற்கு மேலாகப் போகும் கரண்ட் கம்பிக்குள், ராத்தாவின் கணவரான மச்சானின் மாமரம் கிளை விட்டிருந்தது.

மின்சார சபையிலிருந்து கிளை வெட்டும் ஆட்கள் இரண்டு முறை வந்தார்கள். முதல் முறை மச்சான் சாட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை மரம் நிறையக் காய். மச்சான் கேற்றைத் திறக்கவேயில்லை.

"காய்ச்சிக் கிடக்கிற மரத்துல ஆரும் கத்தி வைப்பானா? மறுகா வாங்க."

"காத்துக் காலம் வருது காக்கா. கம்பி அறுந்தா உங்கட ஊட்டுக்குத்தான் ஆபத்து" என்றார் வந்தவர்.

"என்ட மரத்தப் பத்தி எனக்குத் தெரியும்."

சமைத்தபடி குசினி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சானை எதிர்த்துக் கதைப்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிய கிழமை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது கிளை முறியும் சத்தம் கேட்டது. வேலியில் காயப்போட்ட உடுப்பை எடுக்க ராத்தா ஓடியிருக்கிறாள். அறுந்த கம்பி அந்தத் தகரத்தின் மேல் கிடந்ததை அவள் காணவில்லை. நான் போனபோது தூக்கியெறியப்பட்டு வேலியோர மண்ணில் கிடந்தாள். தகரத்தில் பொறி பறந்துகொண்டிருந்தது.

"ஆரும் கிட்ட வராதீங்க!" என்று கத்தினேன். கரண்டை நிறுத்தச் சொல்லிப் போன் எடுத்தேன். நிறுத்தும்வரை, என் கூடப்பிறந்தவளைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உயிர் தப்பியது. வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் மச்சான், "அல்லாஹ்ட நாட்டம் புள்ள" என்றார்.

"அவன்ட நாட்டத்தக் குறை சொல்ல நான் ஆரு மச்சான்? வெட்ட வந்த ஆக்கள வெரட்டினது நீங்க. அத அல்லாஹ்ல சாட்டாதீங்க."

"வாயப் பொத்து புள்ள" என்றாள், கட்டிலில் கிடந்த ராத்தா. அதுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது.

அந்தக் கிழமையே மரத்தை வெட்டினார்கள். மச்சான் மாங்காய்களைப் பொறுக்கி, ஒரு பை நிறைய எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். கொண்டுபோய் அவர் வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

போன மாதம் தெருவின் கடைசி வீட்டுக்காரி, கம்பியில் முட்டிய தன் முருங்கையை வெட்டவிடாமல் மறித்துக்கொண்டு நின்றாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. போய்ச் சண்டை பிடித்தேன்.

"என்ட மரம். உங்களுக்கென்ன?"

"கம்பி அறுந்தா உங்கட வளவுக்குள்ள மட்டுமா விழும்?"

முருங்கையை வெட்டிவிட்டார்கள். அவள் இப்போது என்னோடு கதைப்பதில்லை. கதைக்காமலே இருக்கட்டும்.