நாறாத கதம்பை

எங்கள் அம்மா தேங்காய்க் கதம்பை அடிப்பவள். உப்புத்தண்ணீர்க் குழியில் மாதக்கணக்கில் அழுகிய மட்டையைத் தடியால் அடித்துத் தும்பு நார் பிரிக்கிற வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் உடம்பை விட்டுப் போகாது. கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில், மூலை இலையில்தான் உட்காருவாள். யாரும் போகச் சொன்னதில்லை, அவளாகவே போவாள். அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் நுண்ணுயிரியல் படித்ததற்கு வேறு பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஒரு பாக்டீரியாவின் மரபணுவை மாற்றி, தும்பைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைக்கும் நொதியை அது ஏராளமாகச் சுரக்கும்படி செய்தேன். ஆறு வருடத்தைத் தின்றது அந்த வேலை. பாக்டீரியா ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருக்கும். நொதியை மட்டும் வடித்து ஊருக்குக் கொண்டுவந்தேன். அம்மா வேலை பார்க்கும் தும்பு ஆலையின் முதலாளி ஒரே ஒரு தொட்டி தந்தார்.

"இது சரிவரலேன்னா பழையபடி குழிதான், பாத்துக்கிடுங்க."

தொட்டித் தண்ணீரில் நொதியைக் கலந்து கதம்பையை ஊறப் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன். பன்னிரண்டாம் நாள் தும்பு பிரிய வேண்டும். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி ஓடி வந்தால் தொட்டி காலி! கதம்பை மொத்தமும் பழைய குழிக்குள் கிடக்கிறது.

"யாரு செஞ்ச வேலை இது?"

"நாந்தான் மக்கா," என்றாள் அம்மா. "மோந்து பாத்தேன், நாறவே இல்ல. நாறாம எப்பிடி அழுகும்? ஒனக்குக் கொறச்சலாயிரக் கூடாதேன்னு குழியில தள்ளிட்டேன்."

"எம்மா, நாறாம இருக்கத்தானே நான் இத்தன வருஷம் மண்டைய ஒடச்சேன்!"

நான் கத்திய கத்தலில் மற்ற பெண்கள் தடியைக் கீழே போட்டுவிட்டார்கள். அம்மா தொட்டியின் அடியில் தப்பித் தங்கியிருந்த ஒரே ஒரு கதம்பையை எடுத்துக் கல்லில் வைத்து அடித்தாள். நாலே அடி. தும்பு பொன்னிறமாகப் பிரிந்து வந்தது. முதலாளி அதை இழுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், இன்னொரு தொட்டி தருகிறேன் என்றார். பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

அந்த இரண்டாம் தொட்டிக் கதம்பையை அடித்த அன்று பக்கத்துத் தெருவில் கல்யாணம். அம்மா ஆலையிலிருந்து வந்து, முகம் மட்டும் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நேரே முதல் பந்தியில், நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்து இலைக்காரி, "அக்கா, தலையில தும்பு ஒட்டியிருக்கு," என்று எடுக்கக் கையை நீட்டினாள்.

அம்மா தலையை விலக்கிக்கொண்டாள்.

"கெடக்கட்டு. எம் மவ பிரிச்ச தும்பு."