முதல் அழுத்தத்துக்கு லாபம்

வேலையை விட்டவளுக்குச் சான்றிதழ் எதற்கு என்று கேட்காத ஆள் கொல்லிமலையில் எங்கள் குண்டனி நாட்டு ஊர்களில் பாக்கியில்லை. ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவளாக இருந்தேன். இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் மலையிலேயே வீட்டோடு நின்றுவிட்டேன். ஆனால் சான்றிதழைக் காலாவதியாக விட மனசில்லை. விட்டால் படிப்பையே மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மலையிறங்கி வகுப்புக்குப் போக முடியுமா? இவர்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் மறுபடி வண்டியேறியே தீர வேண்டும். அதனால் கேட்டவர்கள் மேலெல்லாம் சுள்ளென்று விழுந்தேன்.

சான்றிதழைப் புதுப்பிக்கும் தேர்வுக்குப் பாடத்தில் சிரமமில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே செல்போனில் படித்துவிட்டேன். பயமெல்லாம் கையை நினைத்துத்தான். இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் வேகம் பழக்கம் விட்டால் போய்விடும். பழகுவதற்குப் பொம்மைக்கு எங்கே போவது? வீட்டுக்காரரைப் படுக்கச் சொல்லலாம் என்றால், நன்றாகத் துடிக்கிற நெஞ்சில் அதைச் செய்யக் கூடாது.

"நான் தப்பிச்சேன் சாமி," என்று அவர் சாமை மூட்டையைக் காட்டினார்.

அப்போது அறுவடை முடிந்திருந்தது. களத்தில் அவர் படியால் சாமை அளப்பார். பக்கத்தில் முட்டி போட்டு நான் மூட்டையை அழுத்துவேன். எங்கள் பக்கம் தானியம் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவோம். அவர் ஒரு படி போடுவதற்குள் என் கை பல தடவை இறங்கி ஏறிவிடும். ஆனாலும் எண்ணிக்கையின் ஆரம்பம் மட்டும் அவருடையதே எனக்கு ஒட்டிக்கொண்டது. அது எனக்குத் தெரியவேயில்லை.

தேர்வன்று பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் கீழே இறங்கினேன். தேர்வு வைத்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. பொம்மையின் நெஞ்சில் கை வைத்தேன். சத்தமாக எண்ண வேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முதலிலிருந்து. வாயைத் திறந்ததும் "லாபம்" என்று வந்தது. பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கையை நிறுத்தக் கூடாது என்பதால் நிறுத்தவில்லை. அடுத்த சுற்றையாவது ஒழுங்காகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். அதிலும் லாபம்தான். எல்லாம் போச்சு என்று கண்ணில் நீர் முட்டியது.

"போதுங்க," என்றார் அந்த அம்மா. "மொதல்ல என்னமோ சொன்னீங்களே?"

"லாபம்னு சொல்லிட்டேனுங்க. ஊட்டுல சாமை மூட்டையில பழகினேனுங்க."

அந்த அம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "எங்க ஊட்டுலயும் நெல்லு அளக்கறப்ப அப்படித்தான். இத்தன பேரு சிரிச்சும் உன்ற கை நிக்கலையே கண்ணு. பாஸு, போ."

அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். திரும்பும்போது, வளைவுக்கு வளைவு தலை சுற்றும் எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது.

வீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அரவைக்குச் சாமை அளந்துகொண்டிருந்தார். என் சிவந்த கண்களைப் பார்த்ததும் அவருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. நான் தோற்றுவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். அளந்ததையெல்லாம் திரும்பக் கொட்டி, தலையைக் குனிந்துகொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

"லாபம்," என்றார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். படி அவர் கையிலேயே நின்றது.

"ஏம்புள்ள, பாஸா?"

ஆமாங்க என்று சொல்வதற்குள் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.