உடையாமல் போன மணிக்கூண்டு

“ஒரு பொம்மை உடைஞ்சதுக்காகக் கட்டினவனை விட்டுட்டுப் போவாளா ஒருத்தி?” என்று எதிர்வீட்டுக்காரி மாடிப்படியில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்கிறாளே, அவள் வாயிலிருந்து முதலில் அந்த ‘உடைஞ்சது’ என்ற சொல்லைப் பிடுங்க வேண்டும். பொம்மை உடையவில்லை. உடைந்திருந்தால் சில்லு போயிருக்கவே மாட்டாள். தரையில் உட்கார்ந்து, சிதறியதையெல்லாம் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாகவே திரும்பக் கட்டியிருப்பாள். இனி ஒருநாளும் அது உடையவே உடையாது என்று ஆன பிறகுதான் அவள் போனாள். அது புரியாதவர்கள் அவளைப் பற்றிப் பேசாமல் அவரவர் வீட்டு அடுப்பைப் பார்க்கலாம்.

சில்லு என்பது வீட்டில் வைத்த பேர் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டத்துக்குத் திருகாணி முடுக்குகிற வேலை அவளுக்கு. எறும்புத் தலை அளவு திருகாணி கீழே விழுந்தால் மற்றவர்கள் விளக்கைத் தூக்கிக்கொண்டு தேடுவார்கள். இவள் குனிந்து உள்ளங்கையால் தரையை ஒரு தடவு தடவுவாள், திருகாணி கையில் ஒட்டிக்கொண்டு வரும். சில்லு பொறுக்குகிறவள் என்று கடையில் யாரோ சொல்ல, அதுவே குடியிருப்பு வரைக்கும் வந்து சில்லு என்று நின்றுவிட்டது.

அவள் புருஷன் குளியலறைக்கு டைல்ஸ் விற்கிற கடையில் பெரிய ஆள். வெள்ளைச் சட்டை, வழித்த முகம், நல்ல பேச்சு. டைல்ஸைப் பற்றி அவர் பேசினால் குளியலறையிலேயே குடியிருந்துவிடலாம் என்று தோன்றும். ஒரு தடவை டைல்ஸ் கம்பெனிக்காரர்கள் அவருக்கு ஒரு பெட்டி பரிசாகக் கொடுத்தார்கள். உள்ளே சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகள், ஒன்றின் தலையில் ஒன்றை அழுத்திப் பூட்டினால் பந்தயக் கார் ஆகும். வழிகாட்டிப் புத்தகத்தில் எழுத்தென்று ஒன்று கிடையாது, பக்கத்துக்குப் பக்கம் படம்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்கூடக் கட்டலாம். அதுதான் அதில் உள்ள அழகு.

மூன்று நான்கு நண்பர்களை உட்கார வைத்துக்கொண்டு, வறுவல் தின்ற எண்ணெய்க் கையோடு அவர் ஆரம்பித்தார். பாதிக் காரில் நின்றுபோனது.

“துண்டு குறையுது” என்றார். “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்.”

கட்ட முடியாதவர்கள் எல்லோரும் சொல்கிற முதல் வார்த்தை அது. சில்லு தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்தவள், எட்டிப் பார்த்தாள். குறைந்த துண்டு எங்கேயும் போகவில்லை. தகடு மாதிரி மெல்லியது, இன்னொரு தகட்டோடு ஒட்டி ஒன்றாகக் கிடந்தது. அவள் எடுத்துக் காட்ட, அவர் அதைப் பிடுங்கி, நகத்தால் முயன்று, வராமல் போகவும் வாய்க்குள் வைத்துக் கடித்தார். கடித்துப் பிரித்ததை எச்சிலோடு மேசையில் துப்பினார். அந்தத் தகட்டில் பல் பதிந்திருந்தது. சில்லு அதைத் துணியால் துடைத்துக் கையில் எடுத்தாள். எடுத்தவள் வைக்கவில்லை. விருந்தாளிகள் போவதற்குள் கார் முடிந்துவிட்டது.

மறுவாரமே கார் முன்கூடத்துக் கண்ணாடி அலமாரிக்குள் ஏறியது. வந்தவர்கள், “நீங்களா சார் கட்டினீங்க?” என்றார்கள்.

“கட்டினவன் நான்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, சில்லுவின் பக்கம் கையை நீட்டி, “என்னைக் கட்டிக்கிட்டவ அவ” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் தடவை சில்லுவும் சிரித்தாள். அதற்குப் பிறகு எத்தனை பெட்டி வந்ததோ அத்தனை தடவையும் அதே சிரிப்பு, அதே கை நீட்டல். தின்ற தட்டைக் கழுவாமல் அதிலேயே மறுபடி மறுபடி பரிமாறுகிற மாதிரி இருக்கும் அவளுக்கு.

பொம்மைக் கடையில் போய் அவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: “இருக்கறதுலயே கஷ்டமானது எது?” பெட்டி பெரிசாக இருந்தால் கஷ்டம் என்பது அவர் எண்ணம். பெட்டி பெரிசென்றால் நேரம் ஆகும், அவ்வளவுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. போர்க்கப்பல் ஒன்று வந்தது, மூக்கிலிருந்து வால் வரை சாம்பல் நிறம், ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் இடையே மேகத்துக்கும் புகைக்கும் உள்ள வித்தியாசம். படத்தைப் பார்த்துத் தேடினால் கண்தான் போகும். சில்லு கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினாள். பிறகு ஒரு விளையாட்டு மைதானம் வந்தது. இருக்கை வரிசை, இருக்கை வரிசை, மறுபடியும் இருக்கை வரிசை. அதில் கை தானாகப் போகும், மனது வேறெங்கோ போகும், அப்போதுதான் ஒரு துளை தள்ளிப் பூட்டிவிடுவோம். தப்பு நடந்த இடத்தில் தெரியாது. வெகுதூரம் போன பிறகு, கூரை வந்து உட்கார மறுக்கும்போது தெரியும். அப்புறம் அத்தனையையும் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதில்தான் சில்லுவுக்கு உயிர். பெட்டியோடு நெம்புகோல் மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி வரும். அதன் நுனியை இடுக்கில் கொடுத்து மெல்ல எழுப்பினால் துண்டு ‘டக்’கென்று கழன்று வரும். கட்டியது கொஞ்ச நாள் இருக்கட்டும், பிறகு பிரித்து மறுபடி கட்டலாம் என்பாள் அவள்.

“கட்டினதை எவளாவது பிரிப்பாளா? வீட்டுக்கு ஆகாது” என்பாள் நாத்தனார். அவள் புருஷனுடைய அக்கா, உள்ளறையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டவள். “வர்றவங்க பார்க்க என்ன இருக்கும்?”

“பார்க்கறதுக்கு டைல்ஸ் இருக்கே அண்ணி” என்பாள் சில்லு.

கடைசியாக வந்தது மணிக்கூண்டு. ஆள் இடுப்பு உயரம். நாலு முகமும் ஒன்று போல இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறியிருக்கும். உள்ளே கழுத்து வரைக்கும் பல்சக்கரம். பக்கத்தில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றினால் நாலு முகத்திலும் முள் ஒன்றாக நகர வேண்டும். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை அது பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் சில்லு அதன் முன்னால்தான்.

இந்தக் கட்டைகளைக் கட்டுகிறவர்களுக்கு ஊரில் ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் ஓய்வுபெற்ற வாத்தியார். கண்காட்சிக்கு என்னென்ன வருகிறது என்று பார்க்க வீடு வீடாகப் போனவர் இங்கேயும் வந்தார். புருஷன் வழக்கம்போல நெஞ்சைத் தொட்டு, கையை நீட்டி, தன் நகைச்சுவையைச் சொன்னார். வாத்தியார் சிரிக்கவில்லை. சில்லு அந்த நேரத்தில் கூண்டுக்குள் கைவிட்டு ஒரு சக்கரத்தைப் பல் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“நீங்களே வாங்கம்மா கண்காட்சிக்கு. கட்டினவங்க கையாலதான் சுத்திக் காட்டணும். அது எங்க வழக்கம்.”

அவர் போன பிறகு சில்லு புருஷனிடம் கேட்டாள். வாழ்க்கையில் அவள் அவரிடம் கேட்டதே குறைவு.

“என் பேர்ல வைங்க. நான் சுத்திக் காட்டறேன். இந்த ஒரு தடவை.”

“சரிதான், வெச்சுட்டாப் போச்சு” என்றார் அவர், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தச் சரிக்காக அவள் வாரக்கணக்கில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். அப்படி அவளை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

கூரை உச்சி வைக்கும்போது, துண்டுகளைக் கோக்கிற கறுப்பு முளை ஒன்று குறைந்தது. அதற்குப் பதிலாகத் தட்டில் ஒரு சாம்பல் முளை மிச்சம் கிடந்தது. நிறம் தவிரப் பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான். கறுப்பு முளை இறுக்கிப் பிடிக்கும், சாம்பல் முளை சுழல விடும். சக்கரம் சுழலவேண்டிய இடத்தில் எங்கேயோ இறுக்குகிற முளையைப் போட்டிருக்கிறாள். கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தாள். முள் கொஞ்சம் நகர்ந்து, தொண்டையில் அடைத்த மாதிரி நின்றது.

“துண்டு குறைஞ்சிருக்கும். கம்பெனிக்காரன் தப்பு” என்றார் புருஷன்.

“குறையலை. உள்ளேதான் இருக்கு. தப்பு என்னோடது. நாளைக்குக் கடையில லீவு சொல்லிட்டு வர்றேன், பிரிச்சு எடுத்துடலாம்.”

“கண்காட்சியை வெச்சுக்கிட்டா?”

“கை வெச்சா வந்துடும். எந்த இடம்னு தெரியும் எனக்கு.”

மறுநாள் சாயங்காலம் படியேறும்போதே நாற்றம் அடித்தது. மண்டைக்குள் ஏறுகிற, கண்ணைக் கரிக்கிற நாற்றம். கதவைத் திறந்தால் கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள். நடுவில் மணிக்கூண்டு. அதன் முன்னால் புருஷன், விரலெல்லாம் வெள்ளைத் தோல் உரிந்த மாதிரி பசை காய்ந்து. பக்கத்தில் நாத்தனார் காலி டியூபுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“வண்டியில கொண்டுபோறப்ப ஆடுமில்ல” என்றார் அவர். “இடுக்கு விடாம உள்ளே வரைக்கும் விட்டாச்சு. இப்பப் பாரு.” விரல் முட்டியால் தட்டினார். “பாறை.”

சில்லு பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கூரையின் ஓரத்தில் இருந்த ஒரு துண்டின் கீழே நகத்தைக் கொடுத்து எழுப்பிப் பார்த்தாள். துண்டு அசையவில்லை, நகம்தான் பிளந்தது. சன்னல் ஓரமெல்லாம் பசை வழிந்து வெளுத்திருந்தது, மூக்கொழுகிக் காய்ந்த குழந்தை முகம் மாதிரி. சில துண்டுகளைக் கழற்றித்தான் உள்ளே பசை விட்டிருக்கிறார். கழற்றியது எதைக் கொண்டு என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றிலும் பல் பதிந்திருந்தது. கரண்டி மேசை இழுப்பறையில் வைத்த இடத்திலேயே இருந்தது.

அவள் குளியலறைக்குப் போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். அவர் கடையிலிருந்து கொண்டுவந்து ஒட்டிய பளபளக்கும் டைல்ஸில் அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கவும் பிடிக்காமல் வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அன்றைக்கே போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். போயிருக்கலாம். ஆனால் பேர் என்று ஒன்று மிச்சம் இருந்ததே. முள் நகராவிட்டாலும் பரவாயில்லை, தன் பேரில் அது நிற்கட்டும், தப்பு எங்கே என்று தானே வாய்விட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

கண்காட்சி நூலகத்துப் பெரிய கூடத்தில் நடந்தது. மேசை மேசையாகக் கோட்டை, பாலம், ரயில். மணிக்கூண்டுக்கு முன்னால் வைத்திருந்த அட்டையில் இருந்தது புருஷனுடைய பேர். சில்லு அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வாத்தியார் வந்தார், பின்னால் ஒரு கூட்டம். அட்டையைப் பார்த்ததும் அவர் நெற்றி சுருங்கியது. “இதைக் கட்டினது…”

“கட்டினவன் நான்” என்று நெஞ்சைத் தொட்டார் புருஷன். கை சில்லுவின் பக்கம் நீண்டது. கூட்டம் சிரித்தது.

“அப்ப நீங்களே சுத்துங்க” என்றார் வாத்தியார்.

புருஷன் சுற்றினார். முள் மயிரிழை நகர்ந்து நின்றது. இன்னும் பலமாகத் திருகினார். உள்ளே எங்கேயோ பல் நறநறத்தது. கைப்பிடி கழன்று கையோடு வந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவருக்கு முகம் சிவந்தது. திரும்பி, கைப்பிடியாலேயே சில்லுவைச் சுட்டினார்.

“இவதான் சார் கட்டினது. ஆரம்பத்திலேர்ந்து எல்லாம் இவதான். உள்ளே ஒரு முளையைத் தப்பா வெச்சுட்டா. நான் அப்பவே சொன்னேன்.”

அத்தனை வருஷத்தில், அத்தனை பெட்டியில், அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அந்த ஒரு தடவைதான்.

சாப்பிடும்போது வாய்க்குள் தலைமயிர் தட்டுப்பட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது சில்லுவுக்கு. முழுங்கவும் முடியாது, எல்லோர் முன்னாலும் எடுக்கவும் கூச்சம். ஆனால் அவள் எடுத்தாள்.

“ஆமா சார்” என்றாள் வாத்தியாரிடம். “நான்தான் கட்டினேன். தப்பும் என்னோடதுதான். பிரிக்க விட்டிருந்தா முள்ளு ஓடியிருக்கும்.”

சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வெயில் இறங்காத நேரம். பையில் மாற்றுத் துணியும் வேலைக்கான திருகுளியும் வைத்தாள். இழுப்பறையைத் திறந்து பிரிக்கிற கரண்டியை எடுத்தாள். சாம்பல் முளை அதன் பக்கத்திலேயே கிடந்தது. அதையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

புருஷனும் நாத்தனாரும் மணிக்கூண்டைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கே கிளம்பிட்ட?” என்றார் புருஷன்.

“தங்கச்சி வீட்டுக்கு.”

“எப்ப வருவ?”

“வரலை.”

“ஒரு பொம்மைக்காகவா?” என்றாள் நாத்தனார், பாரத்தைக் கீழே வைக்கவும் முடியாமல். “கட்டினவனை விட்டுட்டுப் போவியா?”

சில்லு சாம்பல் முளையைப் புருஷனின் சட்டைப் பையில் போட்டாள். கையில் கூண்டு இருந்ததால் அவரால் தடுக்க முடியவில்லை.

“எல்லாத்துக்கும் பசை விட்டீங்க. இது ஒண்ணை மறந்துட்டீங்க” என்றாள்.

எதிர்வீட்டுக் கதவு விரல்கடை அளவு திறந்துதான் இருந்தது. அந்த இடுக்கில் ஒரு கண் இருந்தது. அத்தனையையும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டவள்தான் இன்றைக்கு ‘உடைஞ்சது’ என்கிறாள். சில்லு அந்தக் கதவைத் தாண்டும்போது, “போயிட்டு வர்றேன்க்கா” என்றுகூடச் சொன்னாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவள் படி இறங்கினாள். மேலே இருவரும் மணிக்கூண்டோடு வாசலில் மாட்டிக்கொண்டு, வெளியே எடுத்தபோது எப்படித் திருப்பினார்கள் என்பது மறந்து, இடம் திருப்புவதா வலம் திருப்புவதா என்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. கழற்றி உள்ளே கொண்டுபோகவும் வழியில்லையே.